பேர் வெட்டாத பாத்திரங்கள்

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு கும்பகோணத்துக்குப் பாத்திரம் வாங்கப் போனாள். ஒரு செட் வாங்கப் போனவள் இரண்டு செட் வாங்கினாள். "எப்படியும் இவளுக்கும் வேணும். அப்புறம் தேடினா இதே மாதிரி கெடைக்காது" என்று என்னைக் காட்டிக் கடைக்காரரிடம் சொன்னாள். குடம், அண்டா, தூக்கு, தட்டு, டம்ளர் எல்லாமே இரட்டையாக வந்தன. அக்காவுடையதில் அப்பாவின் முதலெழுத்தையும் அக்காவின் பேரையும் கடையிலேயே வெட்டிக் கொடுத்தார்கள். என்னுடையதற்கு முறை வருவதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. உன்னுடையதை உன் கல்யாணத்தின்போது வெட்டிக்கொள்ளலாம் என்று சொல்லி, சாக்கில் கட்டிப் பரணில் போட்டுவிட்டாள்.

அக்காவுக்கும் எனக்கும் இரண்டு வயது வித்தியாசம். உயரம் ஒன்று, முகவெட்டு ஒன்று, குரல் ஒன்று. போனில் நான் பேசினால் அத்தானே ஏமாந்து போவார். அப்பா நாங்கள் படிக்கும்போதே போய்விட்டார். அதன் பிறகு அம்மா எங்கள் இருவருக்கும் ஒரே துணியில் பாவாடை தைத்து, ஒரே தட்டில் சோறு பிசைந்து, ஒரே அதட்டலில் இருவரையும் அடக்கி வளர்த்தாள். என்னைக் கூப்பிட நினைத்தால் அக்கா பேரில் பாதி வாயில் வந்து, அங்கிருந்து என் பேருக்குத் தாவும். எல்லா அம்மாக்களும் செய்வதுதான். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

போன ஐப்பசியில், மழை விடாமல் பெய்த நாட்களில், அக்கா ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். மூன்று வயதுப் பெண் குழந்தையை விட்டுவிட்டுப் போனாள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

சென்னையிலிருந்து காரியத்துக்கு வந்த நான் திரும்பிப் போகவில்லை. குழந்தை என்னை விடவில்லை. கம்பெனியில் கேட்டேன், வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னார்கள். திருவையாற்றுக்குப் பக்கத்தில் அத்தானின் ஊர். எங்கள் வீடும் அதே ஊரில், இரண்டு தெரு தள்ளி. அம்மா எங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு, பாத்திரச் சாக்கு உட்பட எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு என்னோடு அத்தான் வீட்டுக்கு வந்துவிட்டாள். மாடியில் விதை நெல் மூட்டை அடுக்கும் அறையில்தான் போனுக்கு டவர் கிடைக்கும் என்பதால் அதுவே என் ஆபீஸ் ஆனது. ஒரு ஜன்னல், அதற்கு வெளியே வாய்க்கால், முதுகுக்குப் பின்னால் மூட்டைகள். மீட்டிங்கில் என் பின்னால் தெரியும் சாக்கைப் பார்த்து, "அது என்ன, சோபாவா?" என்று ஒருத்தி கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். மற்ற கம்பெனிகள் தங்கள் மென்பொருளில் எடுத்துச் சேர்த்துக்கொள்ளும்படி எங்கள் கம்பெனி ஒரு லைப்ரரி எழுதித் தருகிறது. புத்தகம் அடுக்கிய லைப்ரரி இல்லை. தயாராக எழுதி வைத்த நிரல்களின் தொகுப்புக்கு அந்தத் துறையில் அப்படித்தான் பேர். எங்களுடையது வாடகை வண்டி விடுகிறவர்களுக்கானது. எந்த வண்டி எங்கே நிற்கிறது, யாருக்குக் கொடுத்திருக்கிறது, எது பழுதாகிக் கிடக்கிறது என்பதை எல்லாம் அது பார்த்துக்கொள்ளும். நான் அதில் டெஸ்டர். அடுத்தவர் எழுதியதில் தப்பு இருக்கிறது என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள். என் குணத்துக்கு ஏற்ற வேலை என்று அக்கா சொல்வாள்.

அந்த மாதங்களில் என்னிடம் கொடுத்திருந்த வேலை இதுதான். லைப்ரரி வெளியாருக்குத் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொரு வாசலிலும் நின்று இரண்டு கேள்வி கேட்க வேண்டும். கையில் வந்த இந்த இரண்டு வண்டியும் சமமா? இந்த இரண்டும் ஒன்றேதானா? கேட்பதற்கு ஒரே கேள்வி போலத் தோன்றும். ஒரே மாடல், ஒரே நிறம், ஒரே அளவு சீட் உள்ள இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அவை சமம். ஆனால் ஒன்று அல்ல. ஒன்று பஞ்சரானால் மற்றது பாட்டுக்கு ஓடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு நேரான வழி இருக்கிறது. ஒன்றில் ஒரு கீறல் போட்டுவிட்டு மற்றதைப் போய்ப் பார்க்க வேண்டும். அதிலும் கீறல் தெரிந்தால், ஒரே வண்டியைத்தான் இரண்டு பேரில் கூப்பிடுகிறோம். தெரியாவிட்டால் வேறு வேறு வண்டி. நான் எழுதிய சோதனைகளில் பாதி இந்தக் கீறல் போடுகிற வேலைதான்.

அப்படிப் போட்டுப் பார்த்ததில் ஒரு தப்பு அகப்பட்டது. இரண்டு வண்டி சமமா என்று பார்க்கும் இடத்தில், எழுதியவன் மாடலையும் நிறத்தையும் சீட்டையும் ஒப்பிட்டிருந்தான், நம்பர் பிளேட்டை ஒப்பிடவில்லை. அதனால் பழுதான வண்டியைப் பட்டியலிலிருந்து எடு என்று சொன்னால், பார்ப்பதற்கு அதே மாதிரி இருந்த நல்ல வண்டியை அது எடுத்துவிட்டது. நான் இதைச் சொன்னதும் டீம் லீட் அலட்டிக்கொள்ளவில்லை. "ரெண்டும் ஒண்ணுதானேம்மா? கஸ்டமருக்கு ஒரு வண்டி கெடைச்சா போதாதா?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "உங்க வண்டியை எடுத்துட்டு அதே கலர்ல இன்னொண்ணை விட்டா வீட்டுக்கு ஓட்டிட்டுப் போவீங்களா சார்?" என்று கேட்டேன். அன்றைக்கே திருத்தினார்கள்.

ஆபீஸில் ஜெயித்துவிட்டு மாடிப்படி இறங்கினால், வீட்டில் நான் தோற்றுக்கொண்டிருந்தேன்.

தை மாத அறுவடை முடிந்து, நெல் எல்லாம் கொள்முதல் நிலையத்துக்குப் போன பிறகு அத்தானின் பெரியப்பா வந்தார். கூடத்தில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த காபியை நிதானமாகக் குடித்து முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். "வயசுப் பொண்ணு இந்த வீட்ல இருக்கு. ஊர் ஒண்ணும் சொல்லல, ஆனா சொல்றதுக்கு எம்புட்டு நேரமாகும்? குழந்தைக்கும் ஒரு ஆள் வேணும். வெளியில போய் யாரைத் தேடறது? ஆவணில முகூர்த்தம் இருக்கு." எங்கள் பக்கத்தில் இது புதிது இல்லை. மூத்தவள் போனால் இளையவளைக் கட்டிவைப்பது பல வீடுகளில் நடந்திருக்கிறது. அதைக் கொடுமை என்று யாரும் நினைப்பதில்லை. குழந்தை நல்லபடியாக வளரும், இரண்டு குடும்பமும் விட்டுப் போகாது, எல்லோருக்கும் நல்லது. எல்லோருக்கும் என்பதில் நானும் சேர்த்திதான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

எனக்கு வேண்டாம் என்று அன்றைக்கே சொன்னேன். அழுதுகொண்டே சொன்னது தப்பாகப் போயிற்று. "அக்கா துக்கம் இன்னும் ஆறல பாவம்" என்று பெரியப்பா எழுந்துகொண்டார். மாசியில் அழாமல் சொன்னேன். "இப்பப் பரவால்ல, தெளிஞ்சிருக்கா" என்றார்கள். நான் எப்படிச் சொன்னாலும் அது சம்மதத்தின் பக்கமாகவே நகர்ந்து போனது. கத்திச் சண்டை போட ஒரு எதிரி கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று ஏங்கினேன். ஒருவரும் என்னிடம் கடுமையாகப் பேசவில்லை. தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்கள்.

அதற்குள் நான் கொஞ்சம் கொஞ்சமாக அக்கா இடத்தில் வைக்கப்பட்டுக்கொண்டிருந்தேன். பீரோ சாவி என்னிடம் வந்தது. அக்காவின் ஸ்கூட்டியை நான் ஓட்டினேன். கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவருக்கும் பால்வாடி டீச்சருக்கும் அக்கா நம்பரே பழக்கம் என்பதால் அந்த சிம்மை என் போனில் போட்டுக் கொடுத்தார்கள். திருவையாற்றில் ப்ளவுஸ் தைக்கக் கொடுத்தபோது, டெய்லர் அளவெடுக்க டேப்பைத் தொடவில்லை. "அக்கா அளவு இருக்கும்மா. அதேதான் உனக்கும்" என்றார். தைத்து வந்ததைப் போட்டுப் பார்த்தேன். இம்மி பிசகாமல் பொருந்தியது. எனக்கு அதைக் கழற்றி எறிய வேண்டும் போல் இருந்தது. மடித்து பீரோவில் வைத்தேன்.

அம்மாவின் வாயில் வரும் பேரும் மாறிப்போனது. அக்கா பேரிலிருந்து என் பேருக்குத் தாவிக்கொண்டிருந்தது, தாவுவதை நிறுத்திவிட்டது. முழுசாக அக்கா பேரையே சொன்னாள். முதலில் திருத்தினேன். ஒவ்வொரு முறை திருத்தும்போதும் அவள் முகம் போகிற போக்கைப் பார்த்துவிட்டு, திருத்துவதை விட்டுவிட்டேன்.

குழந்தையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னதாகிவிடும். அதன் மேல் எனக்கு உயிர். தூக்கத்தில் என் வயிற்றின் மேல் காலைப் போட்டுக்கொண்டு படுக்கும். என் போனில் அலாரம் அடித்தால் அதுதான் அணைக்கும். என்னை சித்தி என்று கூப்பிடும். பக்கத்து வீட்டுப் பெண்கள், "சித்தி இல்லடி தங்கம், அம்மான்னு சொல்லு" என்று மிட்டாய் கொடுத்துப் பழக்கினார்கள். அது மிட்டாயை வாங்கிக்கொண்டு, என்னைப் பார்த்து, "சித்தி, மிட்டாய்" என்று சொல்லும். அந்தக் குழந்தைக்காகவே சரி என்று சொல்லிவிடலாமா என்று பல மத்தியானங்களில் யோசித்திருக்கிறேன். மறுபடியும் சென்னைக்குப் போய், என் வேலையை என் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்து, யாரைக் கட்டுவது, கட்டுவதா வேண்டாமா என்பதை நானே முடிவு செய்வது என்ற அந்த ஒன்றுதான் எனக்கென்று மிச்சம் இருந்தது. அதையும் கொடுத்துவிட்டால் நான் என்று சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது?

ஆனி பிறந்து, ஆற்றில் விட்ட தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கும் வந்திருந்தது. ஒரு காலையில் அத்தான் குறுவை நடவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வாசலில் நின்று, மோட்டார் ஷெட் சாவி கேட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அக்காவின் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்.

"இதோ வர்றேங்க" என்றேன்.

நான்தான் சொன்னேன். அக்கா எப்படிச் சொல்வாளோ அப்படியே, அடுப்பில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு சொன்னேன். சாவியை எடுத்துக்கொண்டு வாசல் வரை வந்த பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. அத்தான் முகம் வெளுத்துப் போய் நின்றார். ஊரெல்லாம் சேர்ந்து என்னை அக்கா என்று சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. நானே ஆமாம் என்று சொல்லிவிட்டேன் என்றதும் பயம் வந்தது.

அந்தப் பயத்திலேயே கேட்டுவிட்டேன். "அத்தான், உங்களுக்கு இதுல இஷ்டமா?"

அவர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல மனிதர். அக்காவை ஒரு சொல் கடிந்து பேசாதவர். "இஷ்டம் என்னம்மா. பாப்பாவைப் பார்க்கணும்ல. எனக்கு ஒண்ணும் ஓடல. உங்க அம்மா என்ன சொல்றாங்களோ அதுதான்" என்றார்.

அம்மாவிடம் போனேன். "மாப்பிள்ளை சரின்னுட்டா நான் என்னத்தைச் சொல்றது? பெரியவங்க பேசிட்டாங்க" என்றாள். பெரியப்பாவிடம் போனால், சம்பந்தியம்மா சரி என்பதால்தான் நான் பேசினேன் என்றார். மூன்று பேரும் அடுத்தவர் மேல் கையைக் காட்டிக்கொண்டு நிற்க, ஆவணி தன் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. ஆனால் ஒன்று எனக்குப் புரிந்தது. அத்தானும் பெரியப்பாவும் கை காட்டிய இடத்தில் அம்மாதான் உட்கார்ந்திருந்தாள். அவள் வேண்டாம் என்றால் நின்றுவிடும். அவளோ என் முகத்தைப் பார்த்துப் பேசுவதையே விட்டிருந்தாள்.

அதே வாரத்தில் ஒரு நாள் பத்து மணி மீட்டிங்கில் இருந்தேன். கீழே கிர்ர் என்று ஒரு சத்தம், நின்று, மறுபடி கிர்ர் என்றது. தெருவில் போர்வெல் போடுகிறார்கள் போல என்று நினைத்தேன். சத்தம் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. மீட்டிங் முடிந்ததும் இறங்கிப் போனேன்.

கூடத்தில், பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவர் உட்கார்ந்திருந்தார். மொபெட்டில் மிஷினை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர். பிளக்கில் ஒயரைச் சொருகி, மடியில் ஒரு டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்து வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பரணிலிருந்து இறக்கிய என் சாக்கு அவிழ்ந்து கிடந்தது. அம்மா ஒவ்வொன்றாகத் துடைத்து அவரிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். முடிந்த டம்ளர்கள் ஒரு வரிசையாக நின்றன. நான் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன்.

அப்பாவின் முதலெழுத்து. அக்காவின் பேர்.

"என்னம்மா இது?"

"ரெண்டும் ஒரே வீட்லதானே பொழங்கப் போகுது. அதுல ஒரு பேரு, இதுல ஒரு பேருன்னு எதுக்கு? எல்லாம் ஒரே செட்டா இருக்கட்டும்னுதான்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். துடைத்த அடுத்த டம்ளரை அவரிடம் நீட்டவும் செய்தாள். தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியவில்லை என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இத்தனை மாதமும் பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கியது எல்லாம் ஒன்றாக மேலே வந்தது. கையிலிருந்த டம்ளரை ஓங்கி வாசற்படிக் கல்லில் அடித்தேன். ஒரு தடவை போதவில்லை, இன்னொரு தடவை அடித்தேன். வாய் ஒரு பக்கம் நசுங்கி உள்ளே போனது. பேர் வெட்டுகிறவர் மிஷினை நிறுத்திவிட்டார்.

"அடிப்பாவி, புதுப் பாத்திரம்டி" என்று அம்மா பதறினாள்.

"அடுப்படியில அக்கா டம்ளர் இருக்கு. போய் எடுத்துப் பாரும்மா. இதே டம்ளர், இதே பேரு. அதுவும் நசுங்கியிருந்தா நான்தான் அக்கா. நாளைக்கே தாலி கட்டச் சொல்லு, கழுத்தை நீட்டறேன். போய்ப் பாரு."

கோபத்தில் சொன்னது. அவள் அழுவாள், அல்லது என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள். உண்மையாகவே பார்ப்பதற்குப் போனாள்.

வெகு நேரம் வரவில்லை. நான் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தேன். பேர் வெட்டுகிறவர் பாவம், யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் ஒயரைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

அம்மா அக்காவின் டம்ளரோடு வந்தாள். என் கையிலிருந்த நசுங்கியதை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டாள். அக்காவுடையது உருண்டையாக, அங்கங்கே தேய்ந்து, இத்தனை வருஷம் புழங்கிய மங்கலோடு இருந்தது. அதன் விளிம்பில் கட்டை விரலால் சுற்றிச் சுற்றித் தடவினாள்.

"நசுங்கலடி" என்றாள். பிறகுதான் அழுதாள். காரியத்தின்போதுகூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. "உன்னை அந்த எடத்துல வெச்சுட்டா அவ போகலன்னு ஆயிடும்னு இருந்துட்டேன். போயிட்டாடி. எம்பொண்ணு போயிட்டா."

நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். எனக்கும் அழுகை வந்தது. அக்கா போன பிறகு, அடுத்தவர் என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள் என்று யோசிக்காமல் நான் அழுதது அன்றைக்குத்தான். கொல்லையில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தை ஓடிவந்து, எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, அம்மாவின் முதுகில் சாய்ந்து நின்றது. அம்மா அதன் கையைப் பிடித்து முன்னால் இழுத்துக்கொண்டாள். "ஆயா இருக்கேன்டி தங்கம். நான் எங்கயும் போகமாட்டேன். இங்கேயேதான் இருப்பேன்" என்றாள்.

பேர் வெட்டுகிறவருக்கு அடுத்த ஊருக்குப் போக வேண்டும். தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மீதிப் பாத்திரத்தை என்னம்மா பண்றது? எல்லாம் ஒரே வீட்டுக்குன்னு சொன்னீங்களே."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்லீங்க. இது வேற வீட்டுக்குப் போறது" என்றாள்.

"அப்ப என்ன பேரு?"

அம்மா என்னைப் பார்த்தாள். வாயில் ஏதோ வந்து, நின்றது. பிறகு என் பேரைச் சொன்னாள். அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. மறுபடியும், தப்பு வந்துவிடக் கூடாது என்பதுபோல, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.